கோயிலோடு திரும்பிடாதீங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



காலையிலிருந்து வங்கிக் கடன், தவணை, உள்கடன் வட்டி என்று நிறையப் பேசிவிட்டோம். எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு சுற்றுலா. தலைப்பைக் கேட்டதுமே பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "நமக்கு எதுக்கும்மா டூரு" என்கிற சிரிப்பு அது. அந்தச் சிரிப்புக்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப் போகிறேன்.

ஒரு கேள்வி கேட்கிறேன், மனசுக்குள்ளே பதில் சொல்லுங்க. கல்யாணம், வளைகாப்பு, துக்கம், ஆஸ்பத்திரி, வேண்டுதல் இந்த ஐந்தையும் கழித்துவிட்டால், நீங்க கடைசியா ஊரை விட்டு வெளியே போனது எப்போது? எங்கள் குழுவில் இந்தக் கேள்வியைக் கேட்டபோது பாதிப் பேருக்குப் பதில் இல்லை. அதன் பிறகுதான் 22 பேர் சேர்ந்து, மூன்று நாள், ராமேஸ்வரம் போய் வந்தோம்.

தீவு என்றால் நமக்கு அந்தமான், மாலத்தீவு, சினிமாப் பாட்டில் வருகிற ஊர்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ராமேஸ்வரமும் தீவுதான். அதற்குப் பாம்பன் தீவு என்று பெயர். பாலம் தாண்டினால்தான் ஊர். ஆனால் நம்மில் போய் வந்தவர்களும் என்ன செய்கிறோம்? விடியற்காலையில் இறங்கி, கடலில் முங்கி, 22 தீர்த்தமும் ஆடி, சாமி கும்பிட்டு, மதியத்துக்கு மேல் வண்டி ஏறிவிடுகிறோம். கோயிலைப் பார்த்தோம், தீவைப் பார்க்கவில்லை. அதனால், நான் பார்த்ததிலே எனக்குப் பிடித்ததை வரிசையாகச் சொல்கிறேன். போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் பாலம். கடலுக்கு நடுவே ரயில் போகிற அந்தப் பாலத்தை 1914 பிப்ரவரி 24 அன்று திறந்தார்கள். கப்பல் வந்தால் நடுவில் இரண்டு கை விரிகிற மாதிரி திறக்கும். அதை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் உழைத்த பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலத்தை 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தார்கள். இதில் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி அப்படியே நேராக மேலே எழும்பும். இந்தியாவில் கடல் மேல் இப்படி ஒரு பாலம் இதுதான் முதல். வேனில் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: ஊரிலிருந்து மண்டபம் வரைக்கும் ஒருமுறை பாசஞ்சர் ரயிலில் வாங்க. வேனை மண்டபம் ஸ்டேஷனில் நிற்கச் சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர், கீழேயும் தண்ணீர். எங்களோடு வந்த ஒரு அக்கா ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் மூடவே இல்லை.

அடுத்தது கோயில். தீர்த்தம் ஆடுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாற்றுத் துணியைத் தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்க. ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். தரை வழுக்கும். முட்டிவலிக்காரர்கள் யாரையாவது பிடித்துக்கொண்டு நடங்கள். எல்லாம் முடிந்த பிறகு, அவசரப்படாமல் மூன்றாம் பிராகாரத்தை ஒருமுறை சும்மா சுற்றி வாங்க. சேதுபதி மன்னர்கள் காலத்தில் கட்டி முடித்தது. 1,212 தூண்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனையில் வருகிற ஆள் விரல் அளவுதான் தெரிவார். அங்கே மூலவராக இருக்கிற லிங்கம் சீதை மணலால் பிடித்தது என்பது தல புராணம். அனுமார் கைலாசம் போய்த் திரும்பி வரத் தாமதமாகிவிட்டது. காத்திருக்காமல், கையில் கிடைத்த மணலை வைத்து வேலையை முடித்தவள் ஒரு பெண். இந்தக் கதை நமக்கு எளிதாகப் புரியும்.

கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் பள்ளிவாசல் தெரு. அங்கேதான் அப்துல் கலாம் அய்யா வீடு இருக்கிறது. அவர் பேப்பர் போட்டுப் படித்த கதை நம் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அந்த வீட்டில் எனக்கு ஞாபகம் வந்தது அவருடைய அக்கா ஜொஹராவைத்தான். தம்பிக்குச் சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது கட்டப் பணமில்லை. அக்கா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். கலாம் அய்யாவே இதை எழுதியிருக்கிறார். அடகுச் சீட்டு என்றால் என்ன என்று இந்த அரங்கில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ராக்கெட் விட்டவர் கதையிலும் ஒரு அக்காவுடைய வளையல் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவருடைய நினைவிடம் பேக்கரும்பில் இருக்கிறது, 2017-ல் திறந்தது. அதையும் பார்த்துவிடலாம்.

இப்போது தனுஷ்கோடி. ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். போகிற வழியில் இரண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் குளம் மாதிரி அமைதி, இன்னொரு பக்கம் அலை அடிக்கும். அமைதியானது பெண் கடலாம், ஆர்ப்பாட்டமானது ஆண் கடலாம். அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். வேனில் ஒரே சிரிப்பு. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் இது மாறிவிடும். அப்போது பெண் கடல் பொங்கும், ஆண் கடல் அடங்கிவிடும். அமைதியாக இருப்பவளை எப்போதும் அப்படியே இருப்பாள் என்று நினைக்கக் கூடாது என்று எங்கள் பிரதிநிதி சொன்னார். தனுஷ்கோடியில் அதற்கு இன்னும் சாட்சி நிற்கிறது.

1964 டிசம்பர் 22 இரவு. அதற்கு முன்னால் அந்த ஊரில் ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சர்ச் எல்லாம் இருந்தன. இலங்கைத் தலைமன்னாருக்கு அங்கிருந்துதான் கப்பல். அன்றைக்கு இரவு பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில், ஊரை நெருங்குகிற நேரத்தில் அலையில் சிக்கி, உள்ளே இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போய்விட்டது. ஊரே அழிந்தது. இடிந்த சர்ச்சும் சுவர்களும் இன்றைக்கும் நிற்கின்றன. அங்கே நின்றபோது எங்கள் யாருக்கும் போட்டோ எடுக்கத் தோன்றவில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலை நமக்கும் ஞாபகம் இருக்கிறதே! தானே புயலில் பண்ருட்டிப் பலாவும் குறிஞ்சிப்பாடி முந்திரியும் வேரோடு சாய்ந்து, எத்தனை குடும்பம் நாலைந்து வருஷத்துக்கு எழுந்திருக்க முடியாமல் கிடந்தது! கடன் தவணையைக் குழுவே தள்ளிப்போட்டுக் காப்பாற்றிய நாட்கள் அவை. அதனால் தனுஷ்கோடி நமக்கு வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை.

அங்கே இன்னொன்றையும் பாருங்கள். கடலுக்குப் பக்கத்திலேயே மணலில் கையால் குழி தோண்டி, ஊறுகிற நல்ல தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு எடுக்கிறார்கள். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, அதனால்தான். கொஞ்சம் ஆழமாகத் தோண்டினாலோ அவசரப்பட்டு நிறைய எடுத்தாலோ உப்பு ஏறிவிடும். அளவாக எடுத்தால்தான் நாளைக்கும் இருக்கும். நம் ஊரில் நிலக்கரி எடுக்க, சுரங்கத்துக்கு அடியில் முட்டுகிற நீரை ராத்திரி பகலாக மோட்டார் வைத்து வெளியே இறைக்கிறார்கள். இங்கே ஆறாக ஓடுகிறது, அங்கே சொட்டுச் சொட்டாகச் சேருகிறது. இரண்டையும் பார்த்தவளுக்கு ஒரு குடம் தண்ணீரின் விலை தெரியும்.

அரிச்சல்முனை வரைக்கும் இப்போது தார்ச்சாலை இருக்கிறது. நாட்டின் நிலம் முடிகிற இடம். அங்கே குளிக்க இறங்காதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு வண்டியை உள்ளே விடமாட்டார்கள். அதனால் காலையிலேயே போய்விடுங்கள். தண்ணீரும் சாப்பாடும் கையோடு இருக்கட்டும். கழிப்பறைக்கு ஊரிலேயே போய்விட்டுக் கிளம்புங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. கழிப்பறை இல்லை என்பதாலேயே தண்ணீர் குடிக்காமல் பயணம் போகிறவர்கள் நாம்.

கடைசியாகச் சொன்னாலும், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பாம்பன் பக்கத்தில் சின்னப்பாலம் என்கிற ஊர். அங்கே பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பை கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்குகிறார்கள். கல்லும் முள்ளும் கிழிக்கும். நோன்பு மாதத்தில் நம் இஸ்லாமிய சகோதரிகள் வீட்டில் கடல்பாசி செய்து கொடுப்பார்களே, அந்தச் சரக்கு இப்படிப்பட்ட பாசியிலிருந்துதான் வருகிறது.

மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவுகளையும் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். தலைமுறையாகப் பாசி எடுத்த இடத்துக்குள் இவர்கள் போகக்கூடாது என்று ஆகிவிட்டது. வயிற்றுப்பாடு ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். இந்தப் பெண்கள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்போம், மீன் இனப்பெருக்கக் காலத்தில் கடலுக்கே போகமாட்டோம் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அதிகாரிகளிடம் உட்கார்ந்து பேசினார்கள். அவர்களுக்குத் தலைவியாக நின்ற லட்சுமி மூர்த்தி என்கிற அம்மாவுக்கு, தீவுகளைப் பாதுகாப்பவர்களுக்குக் கொடுக்கிற சீக்காலஜி விருது 2015-ல் கிடைத்தது. அமெரிக்கா போய் வாங்கி வந்தார்கள். கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, அதன்படி நடப்பது நாம் மாதாமாதம் செய்கிற வேலைதானே? அதே வேலையால் ஒரு கடலைக் காப்பாற்றவும் முடிந்திருக்கிறது.

அந்த 21 தீவுகளில் இரண்டு இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில், அலையைத் தடுக்க எதுவும் இல்லாமல் போனது முக்கியமான காரணம். அதனால் யாராவது பவளக் கல்லைக் கொண்டு வந்து விற்றால் வாங்காதீர்கள். சட்டப்படியும் குற்றம். அதற்குப் பதிலாகப் பனையோலைப் பெட்டி வாங்குங்க, கருப்பட்டி வாங்குங்க. அந்தக் காசு அங்கே இருக்கிற நம்மைப் போன்ற ஒரு பெண்ணின் கைக்குப் போகும்.

சரி, செலவுக்கு எங்கே போவது? எங்கள் குழு செய்ததைச் சொல்கிறேன். சந்தாவோடு சேர்த்து மாதம் 200 ரூபாய் தனியாகக் கட்டினோம். 12 மாதத்தில் ஆளுக்கு 2,400. அதைத் தனிப் பதிவேட்டில் எழுதினோம். சுற்றுலாவுக்காக உள்கடன் யாருக்கும் கிடையாது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம். இடையில் பணம் தேவைப்பட்டவர்களுக்கு அவர்கள் கட்டியதை மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்தோம். இரண்டு பேர் அப்படி விலகினார்கள். அடுத்த முறை அவர்களுக்குத்தான் முதல் இடம்.

பணத்தை விடக் கஷ்டமானது வீட்டில் கேட்பது. "பொம்பளைங்க மட்டும் தனியா எதுக்கு?" என்று கேட்டார்கள். "மூணு நாளு சமையல் யார் பண்றது?" என்றும் கேட்டார்கள். ஒரு தங்கச்சியின் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட். அவள் புளிக்குழம்பு வைத்து, மாவு அரைத்து, பொடி இடித்து வைத்துவிட்டுத்தான் வந்தாள். திரும்பிப் போனபோது மாவு அப்படியே புளித்துக் கிடந்ததாம். அப்பாவும் மகனும் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். சுற்றுலாவில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான் என்றாள்.

அதனால் இந்தக் கூட்டமைப்பின் முன் ஒரு கோரிக்கை வைக்கிறேன். விருப்பமுள்ள குழுக்கள் எல்லாம் சுற்றுலாச் சேமிப்பு என்று ஒரு தனிக் கணக்கு தொடங்கலாம் என இன்றைக்கே ஒரு தீர்மானம் எழுதுங்கள். கட்டாயம் வேண்டாம், 50 ரூபாய் கட்ட முடிந்தவர் 50 கட்டட்டும். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தோம், மகன் ஃபீஸுக்குச் சேர்த்தோம், வீட்டுக்கு ஷீட் மாற்றச் சேர்த்தோம். நம்முடைய பெயரில், நமக்கே என்று ஒரு கணக்கு இத்தனை வருஷத்தில் இல்லை. அடுத்த ஆண்டு விழாவில் இந்த மேடையில் வேறொரு அக்கா நின்று, தான் பார்த்த கடலைப் பற்றிச் சொல்லட்டும். நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.