சிறிய செயலியில் பெரிய இயங்குதளம்

மாற்றல் உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு வேற்று மாநிலம் சென்ற நம்மவர்கள் அனைவரும் அறிந்த சங்கடம் ஒன்று உண்டு. ஊரில் நாலு கட்டு வீட்டில் பரவிக் கிடந்த சாமான்களை ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட குடியிருப்பில் அடுக்கியாக வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? கம்ப்யூட்டர் உலகிலும் இதே சங்கடம் எழுந்ததுண்டு. பெரிய கம்ப்யூட்டர்களை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்ட பொது இயங்குதளத்தை, உள்ளங்கையளவு பலகையில் அமர்ந்த எளிய செயலியில் குடியேற்ற முடியுமா என்பதே அது.

1991-ஆம் ஆண்டு பிறந்த லினக்ஸைக் கருவாகக் கொண்டு, ஆயிரக்கணக்கான மென்பொருள்களை ஒழுங்குபடுத்தி ஒருசேர வழங்கும் அமைப்புகள் பல. 1993-இல் இயான் மர்டாக் என்பவர் தொடங்கிய டெபியன் அவற்றுள் ஒன்று. இதைச் சிறு கருவியில் ஏன் ஏற்ற வேண்டும்? கருவியைச் செய்தவரே கத்தரித்துக் கொடுத்த இயங்குதளம் போதாதா என்று கேட்கலாம். செய்தவர் சில ஆண்டுகளில் அதைக் கவனியாது விட்டுவிட்டால், பின்னர்த் தெரியவரும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. பொது இயங்குதளமாயின், பெரிய கம்ப்யூட்டருக்காகச் செய்யப்பட்ட திருத்தம் சிறிய கருவிக்கும் வந்து சேரும். இதுவே தலையாய பயன்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்விஷயத்தில் தனி ஈடுபாடு உண்டு. ஒவ்வொரு வகைச் செயலிக்கும் ஒரு மொழி உண்டு. மனிதர் எழுதிய மூலநிரலைக் கம்பைலர் என்னும் கருவி அம்மொழியில் பெயர்த்துத் தருகிறது. மூலம் ஒன்றே, பெயர்ப்புகள் பல. பெயர்ப்பு பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம்.

2012 பிப்ரவரி 29-ஆம் நாள் இங்கிலாந்தில் ராஸ்பெரி பை என்னும் சிறு பலகை விற்பனைக்கு வந்தது. மாணவர் கற்பதற்கென்று ஆக்கப்பட்ட அதன் விலை 35 டாலர். நினைவகம் 256 மெகாபைட். வேகம் 700 மெகாஹெர்ட்ஸ். ஆர்ம் என்னும் மொழிக் குடும்பத்தின் ஆறாம் பதிப்பே அதற்குத் தெரியும். டெபியனிடம் ஆர்ம் செயலிகளுக்கென்று இரு பெயர்ப்புகள் இருந்தன. புதியது ஏழாம் பதிப்பை எதிர்பார்த்தது. ஆதலின் இப்பலகைக்குப் புரியாது. பழையது புரிந்தது, ஆயினும் தசமப் புள்ளிக் கணக்குகளை மென்பொருளால் சுற்றி வளைத்துப் போட்டது. அக்கணக்குக்கென்றே செயலிக்குள் இருந்த உறுப்பு வேலையின்றி இருந்தது.

மைக் தாம்ப்ஸன், பீட்டர் கிரீன் ஆகிய இருவர் முன்னின்று, டெபியனின் மூலநிரல்களை இச்செயலிக்கு ஏற்றவாறு மீண்டும் பெயர்த்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்திற்குள் 35,000-க்கு மேற்பட்ட தொகுப்புகள் ஆயத்தமாயின. ராஸ்பியன் என்பது அதன் பெயர். வீடு பெரிதாகவில்லை, சாமான்களும் குறையவில்லை. அடுக்கிய முறைதான் மாறிற்று.

அதே 2012-இல் திமித்ரி கிரின்பெர்க் என்பவர் எல்லை வரை சென்று பார்த்தார். அவர் எடுத்துக்கொண்டது, 16 கிலோபைட் நினைவகமே கொண்ட 8 பிட் செயலி. லினக்ஸின் மொழி அதற்குத் தெரியாது. நினைவகத்தைப் பங்கிட்டுக் காக்கும் உறுப்பும் அதனிடம் இல்லை. அவர் பழைய கம்ப்யூட்டர் நினைவகத் துண்டு ஒன்றை வெளியே இணைத்தார். ஆர்ம் செயலியைப்போல் நடிக்கும் நிரல் ஒன்றையும் எழுதினார். டெபியன் வழிவந்த உபுண்டு அதன்மேல் இயங்கிற்று! ஆனால் முதற்கட்டளைக்குக் காத்து நிற்கும் நிலையை அடையவே இரண்டு மணி நேரம்; முழுதும் எழுந்து நிற்க மேலும் நான்கு மணி நேரம். நூலைப் பெயர்த்துத் தராமல், ஒவ்வொரு சொல்லுக்கும் துபாஷியை அருகில் நிறுத்திய கதை இது. முடியும் என்பது வேறு, பயன்படும் என்பது வேறு.

பயன்பட வேண்டுமாயின் சிக்கனம் வேண்டும். திரையில் சித்திர அலங்காரம் தேவையில்லை. வேண்டாத பணிகளை நிறுத்திவிடலாம். குறிப்பேடுகளை ஓயாது எழுதினால் நினைவு அட்டை விரைவில் தேயும், அவற்றைச் சுருக்கிக்கொள்ளலாம். மூலநிரலைப் பெயர்க்கும் பெருவேலையைப் பெரிய கம்ப்யூட்டரில் முடித்து, விளைவை மட்டும் சிறியதற்கு அனுப்பலாம்.

இவையெல்லாம் நம் கையில் உள்ளவை. கையில் இல்லாதது ஒன்று உண்டு. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-ஆம் பதிப்பே, மேலே சொன்ன பழைய ஆர்ம் பெயர்ப்புக்குக் கடைசி என்று அறிவிக்கப்பட்டது. அச்செயலிகள் ஒரே நாளில் பழுதாகிவிடவில்லை. ஆனால், ஒவ்வொரு தொகுப்பையும் பெயர்த்து, சோதித்து, பிழை திருத்த ஆட்கள் வேண்டும். பேசுவோர் குறைந்த மொழிக்குப் பெயர்ப்பாளரும் குறைவது இயல்பு. பெயர்ப்பு நின்ற அன்றுமுதல் அக்கருவி புதிய திருத்தங்களுக்குச் செவிடாகிறது.

ஆகவே, நேயர்களே, சிறு கருவி ஒன்றை வாங்கும்போது அதன் வேகத்தையும் விலையையும் மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். அதன் மொழியில் இன்னும் எத்தனை ஆண்டு, யார் பெயர்த்துத் தருவார்கள் என்பதையும் கேளுங்கள். அதன் ஆயுள் பெரும்பாலும் அந்த விடையைப் பொறுத்தது.