வாடகை வீடும் சட்டச் சீர்திருத்தமும்

பம்பாய் வாடகைச் சட்டம் 1947-இல் பிறந்தது. பழைய வீடுகளுக்கு 1940 செப்டம்பர் முதல் நாள் வாடகையே அதன் அளவுகோல். குடியிருப்போர் காக்கப்பட்டனர், ஆனால் பழுதுபார்க்கப் பணமின்றிக் கட்டடங்கள் சிதைந்தன. இந்த உறைந்த வாடகை நியாயமற்றதாகிவிட்டதென 1997-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டம் ஆண்டுக்கு 4 சதவீத உயர்வை அனுமதித்தது.

வாடகைக்கு விட்டால் வீட்டை மீட்க இயலாதோ என்ற அச்சத்தால் வீட்டைப் பூட்டி வைத்த உரிமையாளரும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் நகர்ப்புறங்களில் ஏறத்தாழ 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன.

2021-இல் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம் எழுத்து வடிவ ஒப்பந்தத்தை வற்புறுத்துகிறது. குடியிருப்புக்கான முன்பணத்தை இரு மாத வாடகைக்குள் அடக்குகிறது. தவணை முடிந்தும் வெளியேறாதோர் முதல் இரு மாதங்கள் இருமடங்கு வாடகை தர வேண்டும் என்கிறது. எனினும் அதனைச் சட்டமாக்குவது மாநிலங்களின் பொறுப்பு. குடியிருப்போருக்குப் பாதுகாப்பும் உரிமையாளருக்கு நியாயமான வருவாயும் ஒருங்கே கிட்டினாலன்றிப் பூட்டிய கதவுகள் திறவா.