காரைக் கீறாமல் கழுவ

புதுச்சேரியின் முதலியார்பேட்டைத் தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலுக்கு வாசல் கார் குளிக்கும். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய பனியன், அவ்வளவுதான். அழுக்கு போய்விடும். ஆனால் வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாகக் கீறல் தெரியும்.

கீறுவது மணல். எங்கள் பேட்டைக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. கடலூர் சாலைப் புழுதியும் உப்புக் காற்றும் காரின்மேல் படிகின்றன. பெயின்டைக் காக்கும் கிளியர் கோட்டின் கனமோ சுமார் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு.

அதனால் காரை நிழலில் நிறுத்தி, முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மணலை இறக்கிவிடுங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் துணி அலசத் தண்ணீர். மைக்ரோஃபைபர் துணியால் மேலிருந்து கீழாக, நேர்கோட்டில் துடையுங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம்; மெழுகை உரித்துவிடும்.

நன்றாகக் காய்ந்தபின் மெழுகு. பெயர்பெற்ற கார்னௌபா மெழுகு, பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து வருவது. மெல்லிசாகப் பூசினாலே பளபளக்கும்; அப்பினால் துடைக்கிற வேலைதான் கூடும்.

ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்துவிட்டதா? நகத்தால் சுரண்டாதீர்கள். ஈரத்துணி போட்டு ஊறவிட்டுத் துடையுங்கள்.