ஈயக்குட்டைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு



தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போகிறவர்கள் அந்த மரங்களுக்கு அடியில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. சாலையின் ஒரு பக்கத்தில் வேர்விட்டு, சாலைக்கு மேலாகக் கிளையை நீட்டி, மறுபக்கத்து ஏரித் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள். நூறு வயதைத் தாண்டியவை. பின்னணியில் லாருட் மலை. படம் நன்றாகத்தான் வரும். ஆனால் அந்த ஏரி, ஈயம் (வெள்ளீயம்) தோண்டிய பள்ளம் என்பது படத்தில் தெரியாது. பூங்காவை ஒரு சுற்று நடந்து வந்தாலும் எளிதில் தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன். மலேசியாவின் ஈயக்குட்டைகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தைப்பிங்கைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது ஏரியை அல்ல, ஏரியை உண்டாக்கிய இயந்திரத்தை.

அது பேராக் மாநிலத்தில், பத்துகாஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில் நிற்கிறது. ஐந்தாம் எண் ஈயக்கப்பல். கப்பல் என்றதும் கடலை நினைக்காதீர்கள். தான் தோண்டிய குட்டையில் தானே மிதந்த கப்பல் இது. 1938இல் இங்கிலாந்து நிறுவனம் ஒன்று இதைக் கட்டியது. எடை 4,500 டன். தூரத்திலிருந்து பார்த்தால் தகரக் கூரை போட்ட நாலு மாடித் தொழிற்சாலை ஒன்று வழி தவறித் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது போலிருக்கும்.

வேலை நடந்த விதம் இப்படி. கப்பலின் முன்பக்கத்தில் இரும்பு வாளிகள் கோத்த ஒரு பெரிய சங்கிலி. அது சுழன்றுகொண்டே குட்டையின் அடிமண்ணைக் கடித்து, உச்சிக்குக் கொண்டுபோய்க் கொட்டும். உள்ளே தண்ணீர் பாய்ச்சி மண்ணைக் கழுவுவார்கள். அரிசியில் கல் அரிக்கிற அதே கணக்குதான். மணலைவிட ஈயக்கல் இரண்டரை மடங்குக்கும் மேல் கனமானது என்பதால் அது அடியில் தங்கும். மணலும் சேறும் பின்பக்கமாக வெளியே தள்ளப்படும். முன்னால் தோண்ட, பின்னால் கொட்ட, கப்பல் தன் குட்டையையும் கூடவே நகர்த்திக்கொண்டு போகும். வேலை முடிந்து போனபின், அங்கே தண்ணீர், இங்கே மணல்மேடு, நடுவில் காயாத சேறு. கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் இப்படித்தான் புரட்டிப் போடப்பட்டது. ஒரு காலத்தில் உலகத்திலேயே வளமான ஈய வயல் என்று பெயர் வாங்கிய மண் அது.

இந்தக் கப்பல் 1982இல் நின்றுவிட்டது. மூன்று ஆண்டு கழித்து, 1985 அக்டோபரில், விலையைத் தாங்கிப் பிடித்துவந்த அனைத்துலக ஈய மன்றம் கையில் காசில்லாமல் விழுந்தது. லண்டன் சந்தையில் ஈய வியாபாரமே நிறுத்தப்பட்டது. விலை சரிந்தது, சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. தீபகற்ப மலேசியாவில் ஈயம் எடுத்துவிட்டுப் போட்ட நிலம் மட்டும் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் என்பார்கள்.

கப்பலைப் பார்த்தவர்கள் அடுத்துப் போக வேண்டிய இடமும் பத்துகாஜா பக்கம்தான். கிந்தா இயற்கைப் பூங்கா. பெரியதும் சிறியதுமாகப் பத்துக்கு மேற்பட்ட குட்டைகள். பூங்கா என்ற பெயரை நம்பி ஊஞ்சலும் ஐஸ்கிரீமும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். இதை யாரும் திட்டம் போட்டு உண்டாக்கவில்லை. ஆட்கள் போனார்கள், நாணலும் புதரும் வந்தன, பின்னாலேயே நாரைகள் வந்தன. இன்று சாம்பல் நாரை, செந்நாரை, வக்கா, வெண்கொக்கு எல்லாம் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. குட்டை நடுவே திட்டுத்திட்டாக நிற்கும் மரங்கள்தான் அவற்றுக்குப் பிடித்த இடம். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் முட்டை திருடும் விலங்குகள் எளிதில் வந்துசேர முடியாதல்லவா? இயந்திரம் கண்மூடித்தனமாக விட்டுச்சென்ற திட்டு, பறவைக்குக் கோட்டையாகிவிட்டது.

ஆனால் கவனிப்பாரற்ற நிலத்தில் வந்த செழிப்புக்கு ஒரு குறையும் உண்டு. அந்த நிலத்தைத் தரிசு என்று எழுதிவிடுவது சுலபம். பழைய சுரங்க மணலுக்குக் கட்டுமானத்தில் விலை உண்டு. ஈயத்தோடு சேர்ந்து வரும் 'அமாங்' என்ற கனமான கருமணலுக்கும் விலை உண்டு. நாரைக்கு விலை போடத்தான் யாருக்கும் தெரியாது.

தண்ணீரில் உயிர் தானாக வந்துவிடுகிறது. மணல்மேட்டில் அப்படி வருவதில்லை. கழுவிக் கழுவிச் சத்தெல்லாம் போன மணல் அது. மழை பெய்தால் நிற்காது. வெயில் அடித்தால் கால் வைக்க முடியாது. விதை விழுந்தாலும் வெந்துபோகும். பேராக்கின் பிடோரில் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் இந்த மணலில் மரம் வளர்ப்பதற்கென்றே ஒரு நிலையம் வைத்திருக்கிறது.

அந்தக் கழகத்தின் தாய்வீடு கோலாலம்பூரை ஒட்டிய கெப்போங்கில் இருக்கிறது. ஞாயிறு காலையில் மெதுவோட்டம் ஓடுகிறவர்களும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களும் அதை ஆதிகாலக் காடு என்றே நினைத்துக்கொண்டு நடக்கிறார்கள். நினைப்பதில் தப்பில்லை, அவ்வளவு அடர்த்தி. 1926இல் ஃபாக்ஸ்வொர்த்தி என்ற வன ஆய்வாளர் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது இங்கே பெரும்பகுதியில் காடே இல்லை. ஈயம் எடுத்த குட்டைகளும் காய்கறித் தோட்டங்களும்தான் இருந்தன. நல்ல காடு எத்தனையோ இருக்க, இதைப் போய் எடுத்தார். அந்தத் துணிச்சலை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. மனிதர் கையால் நட்டு வளர்ந்த இந்தக் காட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கெப்போங்குக்குப் போனால் ஒரு இடத்தைத் தவறவிடாதீர்கள். கபூர் மரங்கள் நிற்கும் பகுதி. அங்கே நின்று அண்ணாந்து பாருங்கள். பக்கத்துப் பக்கத்து மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், நடுவே வானத்தை மெல்லிய ஓடைபோல விட்டு நிற்கும். காற்றில் உரசித் தேய்வதால் இப்படி ஆகிறது என்று முதலில் சொன்னார்கள். 1977இல் பிரான்சிஸ் எங் என்ற மலேசிய அறிஞர் இதே மரங்களை ஆராய்ந்து, உரசியதற்கான அடையாளம் இல்லை, நுனிக்குருத்து வெளிச்சத்தின் அளவை உணர்ந்து நின்றுவிடுகிறது போலிருக்கிறது என்று எழுதினார். முடிவான விடை இன்னும் வரவில்லை.

இந்தக் கபூர் மரத்துக்கும் நமக்கும் பழைய உறவு. நம் கோயில்களில் தீர்த்தத்தில் கரைக்கிற பச்சைக் கற்பூரத்தைக் காலங்காலமாகத் தந்த மரம் இதுதான். இந்தக் கற்பூரத்துக்குப் பேர்போன துறைமுகம் சுமத்ராவின் பாருஸ். அங்கே 1088ஆம் ஆண்டில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வெட்டிவைத்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் நம்மவர்கள் கடல் கடந்து தேடிப்போன மரம், இன்று பழைய சுரங்க மண்ணில், ரயிலில் போய்ப் பார்க்கிற தூரத்தில் நிற்கிறது.

கெப்போங்கைப் பார்த்தவர்களுக்கு இன்னோர் இடம்: புத்ராஜெயாவுக்குப் பக்கத்தில் டிங்கில் வட்டாரத்தில் பாயா இண்டா என்று ஓர் ஈரநிலப் பூங்கா உண்டு. பழைய ஈயக்குட்டைகளையும் கரிச்சதுப்பு நிலத்தையும் சேர்த்து அமைத்தது. நீலத் தாழைக்கோழி தாமரை இலைமேல் நடப்பதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்ட அது நல்ல இடம். நீர்யானையும் இருக்கிறது, அது எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் படுகிறது.

இவ்வளவும் பார்த்துவிட்டுத் தைப்பிங்குக்குப் போங்கள். 1880இல் சுரங்கப் பள்ளத்தைப் பொதுப் பூங்காவாக ஒதுக்கிய ஊர் அது. மலாயாவில் ஆங்கிலேயர் காலத்து முதல் பூங்கா. அங்கிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு ஈயம் கொண்டுபோக 1885இல் நாட்டின் முதல் ரயில் பாதை போட்டார்கள். போட்டவர்கள் சிலோனிலிருந்து வந்த தொழிலாளர் படை. தூங்குமூஞ்சியும் இந்த மண்ணுக்கு வந்தேறிதான், அமெரிக்கக் கண்டத்து மரம். அழகான தோட்டம், மறுக்கவில்லை. காடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஒரு விஷயத்தைப் பெற்றோர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெயர்ப்பலகை இல்லாத ஈயக்குட்டையில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். ஆறு, குளம்போல இவற்றுக்குச் சரிவான கரை கிடையாது. இரண்டு அடி வைத்தால் இடுப்பளவு, மூன்றாவது அடியில் ஆள் மூழ்கும் ஆழம். கரைமணல் சரியும். காய்ந்த தரைபோலத் தெரிகிற சேறு காலை இழுக்கும். பள்ளி விடுமுறை வந்தால் இப்படிப்பட்ட மரணச் செய்தியும் கூடவே வருவதை நீங்கள் நாளிதழில் பார்த்திருப்பீர்கள். தூண்டில் போடுகிறவர்களும் கேளுங்கள்: சில குட்டைகளின் அடிச்சேற்றில் ஆர்செனிக் முதலான நஞ்சு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எந்தக் குட்டை என்று தெரியாமல் மீனைக் குழம்பு வைக்காதீர்கள்.

போகிற வழியையும் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ போகும் ரயில் பத்துகாஜாவில் நிற்கும். கம்பாரைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வாருங்கள், குட்டைகள் வரிசையாக வரும். ஸ்டேஷனில் இறங்கி ஈயக்கப்பலுக்கு டாக்சி பேசிக்கொள்ளுங்கள். பஸ்ஸை நம்ப வேண்டாம். கப்பல் திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். நாரைகளைப் பார்ப்பதென்றால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேருங்கள். தொப்பி, தண்ணீர், ஒரு பைனாகுலர் இருந்தால் போதும்.