ஒன்றும் அறியாத பொம்மை

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25-ஆம் நாள், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலிருந்து நால்வரை ஏற்றிக்கொண்டு ஒரு விண்கலம் புறப்பட்டது. நால்வரில் ஒருவர் நம் விமானப் படையைச் சேர்ந்த சுபான்ஷு சுக்லா. 1984-இல் ராகேஷ் சர்மா சென்று வந்த பிறகு பூமியின் சுற்றுப்பாதைக்குச் சென்ற முதல் இந்தியர் அவரே என்பதை நேயர்கள் அறிவீர்கள். அந்தக் கலத்தில் ஐந்தாவதாகவும் ஒரு பயணி உண்டு. அது பஞ்சு அடைத்த ஒரு சிறிய அன்னப் பொம்மை; அதற்கு ‘ஜாய்’ என்று பெயர். கலைமகளின் வாகனம் அன்னம் என்பதையும், அது ஞானத்தின் சின்னம் என்பதையும் சுக்லா விண்ணிலிருந்தே உலகோருக்கு எடுத்துச் சொன்னார்.

பொம்மையை விண்ணுக்கு எடுத்துச் செல்வது ரஷ்ய விண்கலங்களில் நெடுநாளாக உள்ள வழக்கம். பயணிகளின் கண்ணெதிரே ஒரு பொம்மையை நூலில் கட்டித் தொங்க விடுவார்கள். இயந்திரம் உந்திக்கொண்டிருக்கும் வரையில் நூல் விறைப்பாக நிற்கும். இயந்திரம் நின்றதும் நூல் துவளும், பொம்மை மிதக்கும். எந்தக் கருவியையும் பார்க்காமலே, எடையற்ற நிலை வந்துவிட்டது என்று பயணிகள் தெரிந்துகொள்வார்கள். இவ்வழக்கம் பிறகு அமெரிக்கக் கலங்களுக்கும் பரவியது. 2020-இல் இரு விண்வெளி வீரர்களின் புதல்வர்கள் சேர்ந்து பொறுக்கிக் கொடுத்த ஒரு டைனோசார் பொம்மை சென்றது. 2022-இல் ஆளில்லாமல் சந்திரனைச் சுற்றி வந்த கலத்தில் ‘ஸ்னூப்பி’ என்னும் நாய்ப் பொம்மை சென்றது.

இத்தகைய பொம்மைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வழங்குகிறது. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘சுழி ஈர்ப்புக் காட்டி’ என்று வரும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தச் சொற்றொடர் நெருடுகிறது. மூலமே பிழையான கருத்தைத் தருகிறது. நாமும் அதைத் தமிழில் ஏற்றிவிட்டால், விண்வெளியில் பூமியின் ஈர்ப்பே இல்லை என்றுதான் குழந்தை எண்ணும். சர்வதேச விண்வெளி நிலையம் பூமிக்கு மேல் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே பூமியின் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் 100-க்கு 89 பங்கு இருக்கிறது. அப்படியானால் அன்னம் ஏன் மிதந்தது? கலமும், அதிலுள்ள மனிதரும், அன்னமும் எல்லாம் சேர்ந்து ஒரே வேகத்தில் பூமியை நோக்கி ஓயாது விழுந்துகொண்டே இருக்கின்றன. பக்கவாட்டில் அவை விநாடிக்கு 7½ கிலோமீட்டருக்கு மேல் விரைவதால், விழுந்தும் தரையைத் தொடாமல் பூமியைச் சுற்றி வருகின்றன. சேர்ந்து விழும் பொருள்களில் ஒன்றை மற்றொன்று தாங்குவதில்லை. ஆகவே எடை தோன்றுவதில்லை. ‘எடையின்மை காட்டி’ என்று சொன்னால் பொருந்தும்.

இதை வீட்டிலேயே காணலாம். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் சிறு துளையிட்டு, நீர் நிரப்பி, மூடியைத் திறந்தபடி பிடித்தால் துளை வழியே நீர் பீறிடும். முக்காலியின்மேல் நின்று பாட்டிலை வாளிக்குள் விட்டுவிடுங்கள். விழும் அந்தச் சிறு நேரத்தில் நீர் பாய்வது நின்றுபோகும். கைப்பேசியில் படம்பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் ஐயமின்றித் தெரியும். அன்னம் மிதந்த காரணமும், நீர் நின்ற காரணமும் ஒன்றே.

விண்வெளிக்குப் போகும் பொம்மையை விட்டு, பள்ளிக்கூடத்துக்கு வரும் பொம்மையைப் பார்ப்போம். தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கு விஞ்ஞானத்தில் பற்று உண்டாக்க ஒரு யானையையோ, ஆமையையோ, கரடியையோ வகுப்பின் சின்னமாக வைத்துக்கொள்வது பல நாடுகளில் உள்ள முறை. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘மாஸ்கட்’ என்னும் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அதிர்ஷ்டம் தரும் பொருள் என்பது அதன் பழைய அர்த்தம். நமக்கு அதிர்ஷ்டம் வேண்டாம். ‘சின்னம்’ என்றாலோ தேர்தல் ஞாபகம் வருகிறது. ‘துணைப் பொம்மை’ என்றே சொல்லிக்கொள்வோம்.

பாடப் புத்தகங்களின் ஓரத்தில் ஒரு கிளியையோ அணிலையோ வரைந்து, அதன் வாயிலிருந்து ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று ஒரு வாக்கியம் புறப்படுவதாக அச்சிடுகிறார்கள். அந்தக் கிளிக்கு எல்லாம் தெரியும். உபாத்தியாயருக்குத் தெரிந்ததும் தெரியும், தெரியாததும் தெரியும். குழந்தைக்கு அதனால் வந்த லாபம் என்ன? ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவர்கள் அதைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். இன்னும் ஒருவர் கூடுகிறார், அவ்வளவுதான். துணைப் பொம்மைக்கு இருக்க வேண்டிய முதல் தகுதி அறியாமை என்பது என் துணிபு.

இது வெறும் ஊகமன்று. இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் கைப்பாவைகளை விஞ்ஞான வகுப்புக்குள் கொண்டுவந்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஸ்டூவர்ட் நெய்லர், பிரெண்டா கீயோ முதலிய கல்வியாளர்கள் செய்த அந்த ஆராய்ச்சி 2008-இல் வெளியாயிற்று. பாவை இல்லாத வகுப்பையும், பாவை உள்ள வகுப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாவை பாடம் நடத்தவில்லை. தனக்கு ஒரு சிக்கல் வந்திருப்பதாகச் சொல்லிக் குழந்தைகளிடம் உதவி கேட்டது. அத்தகைய வகுப்புகளில் குழந்தைகள் ‘ஏனென்றால்’, ‘அப்படியானால்’ என்று காரணம் காட்டிப் பேசுவது கணிசமாகக் கூடியது என்று கண்டார்கள். உபாத்தியாயர் கேட்கும் கேள்விக்கு விடை அவருக்கு முன்பே தெரியும் என்பதைக் குழந்தை நன்கறியும். ஆகவே அவர் மனத்தில் உள்ள சொல் எது என்று ஊகிக்க முயல்கிறது. பாவை கேட்கும்போது ஊகிக்க ஒன்றுமில்லை, விளக்கியாக வேண்டும். இதற்கு ஆசிரியர் உதடு அசையாமல் பேசும் வித்தை கற்றிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பாவை தம் காதில் சொன்னதாக அவர் சொன்னாலும் குழந்தைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். பொம்மைக்கு உயிரில்லை என்பது அவர்களுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தே விளையாட்டுக்கு உடன்படுகிறார்கள்.

நம் நாட்டிலும் 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பொம்மை வழிக் கற்பித்தல் என்பது அடிக்கடி கேட்கும் பேச்சாகிவிட்டது. 3 முதல் 8 வயது வரை உள்ள குழந்தைகளுக்காக, பொம்மைகளும் பாவைகளும் புதிர்களும் அடங்கிய ‘ஜாதூயி பிட்டாரா’ என்னும் பெட்டி 2023 பிப்ரவரியில் வெளியிடப்பட்டது. மாயப் பெட்டி என்று பொருள். நல்ல முயற்சி. ஆனால் பெட்டி எல்லாப் பள்ளிகளிலும் திறக்கப்படுகிறதா, அலமாரியிலேயே இருக்கிறதா என்பது அந்தந்த ஆசிரியரின் மனத்தைப் பொறுத்தது.

அதே கொள்கை, கூடுமானவரை குறைந்தது 5-ஆம் வகுப்பு வரையிலாவது வீட்டு மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு இங்கேதான் இடர்ப்பாடு. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் உண்டு. ஆயினும் நம் பிள்ளைகளில் மிகப் பலர் படிப்பது வேறு பள்ளிகளில். மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் இதே கதைதான். குழந்தை இந்தியில் ‘வாஷ்பீகரண்’ என்று சொல்லக் கற்கிறது. அல்லது ஆங்கிலத்தில் ‘எவாபரேஷன்’ என்று எழுதி மதிப்பெண் வாங்கி வருகிறது. வீட்டு மாடியில் தாத்தாவின் வேட்டி காய்வதையும் தினந்தோறும் பார்க்கிறது. இரண்டும் ஒன்றே என்பது அதன் மனத்தில் படுவதில்லை. ஒன்று பள்ளிக்கூடத்து மொழியில் இருக்கிறது. மற்றொன்று வீட்டு மொழியில் இருக்கிறது. நடுவே ஒரு சுவர். விஞ்ஞானம் பரீட்சைக்கு உரிய சமாசாரமாகவும், தமிழ் சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் உரிய பாஷையாகவும் பிரிந்துவிடுகின்றன. இப்படி வளரும் பிள்ளைக்கு இரண்டிலுமே நஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பொம்மையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். யானையானாலும் சரி, பூனையானாலும் சரி. கடையில் வாங்க வேண்டுமென்பதில்லை. பழைய காலுறைக்குள் பஞ்சு திணித்து இரண்டு பொத்தான்களைக் கண்ணாகத் தைத்தால் போதும். நவராத்திரிக் கொலுவுக்காக ஆண்டு முழுவதும் பெட்டியில் உறங்கும் பொம்மைகளில் ஒன்றை எழுப்பலாம் என்றும் தோன்றும். மண் பொம்மை கைதவறினால் போயிற்று. துணிப் பொம்மையே உத்தமம். அதற்கு இந்தி தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அன்று பள்ளியில் நடந்ததைக் கேட்க ஆசை மட்டும் உண்டு. பொம்மையின் சார்பில் பேசப் பாட்டியைவிடத் தகுதியானவர் கிடைப்பது அரிது. “ஏண்டா கண்ணா, வாஷ்பீகரண்னு என்னவோ சொன்னியாமே, அப்படின்னா என்னன்னு இந்த யானை கேக்கறது” என்று அவர் ஆரம்பித்தால், குழந்தை தமிழில் சொல்லித்தான் தீர வேண்டும்.

பொருள் விளங்காத வாக்கியத்தை யாராலும் மொழிபெயர்க்க இயலாது. அப்படியே ஒப்பிக்கலாம், பார்த்து எழுதலாம், வேறு மொழியில் சொல்ல முடியாது. இருபது ஆண்டுகளாக இத்தொழிலில் கோப்புகளோடு போராடிய அனுபவத்தில் இதை உறுதியாகச் சொல்வேன். எந்த இடத்தில் குழந்தைக்குத் தமிழில் வார்த்தை வரவில்லையோ, அங்கே இரண்டில் ஒன்று குறைவு: சொல் தெரியவில்லை, அல்லது பொருள் தெரியவில்லை. சொல் தெரியாவிட்டால் ‘ஆவியாதல்’ என்று நாம் எடுத்துக் கொடுக்கலாம். பொருள் தெரியாவிட்டால் யானையின் முன்னிலையில் ஈரத் துணியைக் காயப்போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

பொம்மை கேட்கக்கூடிய கேள்விகளில் சிறந்ததொன்றை வட இந்தியக் குளிரே கொடுக்கிறது. டிசம்பர் மாதத்தில் குழந்தைக்கு ஸ்வெட்டர் அணிவிக்கிறோம். ‘எனக்கும் ஒன்று போட்டால் எனக்கும் சூடு உண்டாகுமா?’ என்று யானை கேட்கட்டும். ஆம் என்றே பெரும்பாலான குழந்தைகள் சொல்லும். கம்பளி சூடு தரும் என்றல்லவா நாமும் சொல்லி வருகிறோம்? அறையின் வெப்பம் காட்டும் சாதாரண வெப்பமானி ஒன்றை யானையின் ஸ்வெட்டருக்குள் செருகிச் சிறிது நேரம் விட்டுவைத்துப் பாருங்கள். ஜுரம் பார்க்கும் கருவி இதற்கு உதவாது. அதன் அளவு 35 டிகிரி அளவில்தான் ஆரம்பமாகிறது. ஸ்வெட்டருக்குள்ளும் அறையில் உள்ள அதே வெப்பமே இருக்கும். அதே கருவியைக் குழந்தை தன் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டால் அளவு ஏறும். கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. உடம்பு உண்டாக்கும் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. யானைக்கு உயிரில்லை, தடுத்து வைக்க அதனிடம் சூடும் இல்லை. உயிருள்ளவை, உயிரற்றவை என்னும் பாடத்துக்கு இதைவிட நல்ல வாயில் எனக்குத் தெரியவில்லை.

இதே கேள்வியைக் கொஞ்சம் பெரிய பிள்ளைகள் வானம் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். 2008 டிசம்பரில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், பல்கலைக் கழக மாணவர்களின் துணையோடு, 11 முதல் 13 வயது வரை உள்ள பள்ளிப் பிள்ளைகள் நான்கு கரடிப் பொம்மைகளுக்கு நான்கு விதமான விண்வெளி உடைகள் செய்தார்கள். ஹீலியம் பலூன் ஒன்று அக்கரடிகளை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் சென்றது. வழியில் இருந்த குளிர் சுழிக்குக் கீழே 53 டிகிரி. எந்தத் துணி குளிரைத் தாங்கும் என்று அறிவதே நோக்கம். கரடிகள் நான்கும் ஒரே பாதையில் சென்றதால், உடை ஒன்றுதான் வேறுபாடு. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைத்துச் சோதிப்பதே விஞ்ஞான முறை. அந்தப் பிள்ளைகள் அதைக் கரடிகளை வைத்துச் செய்து பார்த்தார்கள்.

பொம்மையைக் குறித்து ஓர் எச்சரிக்கை உண்டு. அது கேள்வி கேட்கலாம். இயற்கையைப் பற்றிக் கதை கட்டலாகாது. ‘சூரியனுக்குக் கோபம் வந்ததால் வெயில் அடிக்கிறது’ என்று யானை சொல்லத் தொடங்கினால், அதைத் திருத்தவே ஓராண்டு ஆகும். விடை தவறாக வந்தாலும் யானை திருத்தக் கூடாது, ‘அப்படியா? பார்த்துவிடலாமா?’ என்பதோடு அது நிற்க வேண்டும். பெற்றோர் பலருக்கு இந்தப் பொறுமை இருப்பதில்லை. யானையின் வாயைப் பிடுங்கித் தாமே பாடம் நடத்தத் தொடங்கிவிடுகிறார்கள்.

கோடை வந்ததும் ஸ்வெட்டரைப் பெட்டியில் வைக்குமுன், யானை இன்னொரு கேள்வி கேட்கலாம்: ‘பனிக்கட்டிக்கு ஸ்வெட்டர் போட்டால் அது சீக்கிரம் உருகுமா, மெல்ல உருகுமா?’ இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் ஒரே அளவுள்ள பனிக்கட்டித் துண்டுகளைப் போட்டு, ஒன்றை வாய்வரை கம்பளியால் சுற்றி மூடி, மற்றொன்றை அப்படியே விட்டுவிடுங்கள். ஐஸ் வண்டிக்காரர் பாளத்தின்மேல் கோணிப்பையையும் மரத்தூளையும் ஏன் போடுகிறார் என்று குழந்தையே சொல்கிறதா என்று பார்க்கலாம். முக்கால் மணி நேரம் கழித்துக் கம்பளியை அவிழ்க்கட்டும். கண்டதை யானைக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் வேலையும் அதனுடையதே.