பேராதனையும் ஒற்றைக் கலமும்

கண்டி மாநகருக்கு அண்மையில், மகாவலி கங்கை வளைந்து சூழும் பேராதனைப் பூந்தோட்டத்தை அறியாதார் இலர். நிழலை நாடியும் மலரை நாடியும் அங்குச் செல்வோர் பலர். கண்ணுக்குப் புலப்படாத கலத்தின் போக்கை ஆராய்வதற்கென்றே அங்கு வந்தவரும் ஒருவர் உளர். அவர் மார்சல் வார்ட் என்னும் ஆங்கிலத் தாவரவியலறிஞர்.

1869ஆம் ஆண்டில், இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைகளின் கீழ்ப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பொடி தோன்றியது. பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி என்னும் அறிஞர் அது புதியதொரு பங்கசு எனக் கண்டு பெயரிட்டார். ஆயினும், தோட்டக்காரர் பலர் நிலத்தையும் மழையையுமே குறை கூறினர். இலைகள் உதிர்ந்தன, விளைவு குன்றியது. கடல் கடந்து வந்து கோப்பியை நம்பி வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் கூலிக்கும் கேடு வந்தது.

1880இல் வார்ட் அனுப்பப்பட்டார். அந்தப் பொடி முழுவதும் வித்திகளே. ஒவ்வொரு வித்தியும் ஒரு கலம். அது ஈரத்தில் முளைத்து, இலைவாய் வழியே உட்புகுந்து, சில வாரங்களில் மீண்டும் பொடியாக வெளிப்படுவதை நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு அவர் நிலைநாட்டினார். காரணம் தெளிவாயிற்று, ஆனால் காலம் கடந்துவிட்டது. 1884இல் ஓரியண்டல் வங்கியும் முறிந்தது. கோப்பி இருந்த மலைகளில் தேயிலை தழைத்தது.

வார்ட் கண்டது வித்தியின் பொது இயல்பு. பொடியோ ஒரு பெருங்கூட்டம். கூட்டத்துள் ஒன்றற்கொன்று வேறுபட்ட இனங்கள் மறைந்திருக்கலாம். பல நெல்வகைகளைக் கலந்து விதைத்தவன், எவ்வகை எவ்வளவு விளைந்தது என்று எங்ஙனம் கூறுவான்? ஆகவே, ஒரு கலத்தைத் தனியே எடுத்து, தனிக் கலனில் வைத்து, அதன் சந்ததியை மட்டும் வளர்த்தல் வேண்டும்.

இதனை 1883இல், கோப்பன்கேகன் நகரத்து மதுவடிசாலையொன்றில், ஏன்சன் என்பார் மதுவக் கலங்களைக் கொண்டு செய்து காட்டினார். அவர் கையாண்ட வழிகளுள் ஒன்று மிக எளியது. கலங்கள் மிதக்கும் நீரை மேன்மேலும் ஐதாக்கினால், ஒரு துளியில் ஒரு கலம் இருக்கும், அல்லது ஒன்றும் இராது. துளிகளைத் தனித்தனிக் குடுவைகளில் இட்டு, ஒரேயொரு வளர்ச்சிப் புள்ளி தோன்றும் குடுவையைத் தெரிந்தெடுத்தால், அதிலுள்ளவை யாவும் பெரும்பாலும் ஒரு தாயின் மக்களே.

1965இல் அமெரிக்க அறிஞர் புல்வைலர் இவ்வேலையைப் பொறியிடம் ஒப்புவித்தார். ஒவ்வொன்றாய் ஓடும் கலங்களைப் பொறி அளக்கிறது. நீரோட்டத்தைத் துளிகளாக உடைக்கிறது. வேண்டிய துளிக்கு மின்னேற்றி, மின்புலத்தால் விலக்கி, வேறு கலனில் வீழ்த்துகிறது. இன்றைய பொறிகள் 96 குழிகள் கொண்ட தட்டில், குழிக்கு ஒரு கலமாக இடவல்லன.

தனிமைப்படுத்தும் இக்கலை கோப்பிக்கும் பயன்பட்டது. 1955இல் போர்த்துக்கல் நாட்டில் தோன்றிய ஆராய்ச்சி நிலையம், இலங்கையை வாட்டிய அதே பங்கசில் 50க்கு மேற்பட்ட இனங்களை வேறுபடுத்தி அறிந்துள்ளது. எவ்வினத்தை எக்கோப்பி எதிர்த்து நிற்கும் என்பதை அறிந்தே, நோய் தாங்கும் பயிர்களை இன்று உருவாக்குகின்றனர்.

கோப்பியை வீழ்த்தியது கண்ணுக்கு எட்டாத கலம். அதனை எதிர்க்கும் வழியும், அக்கலத்தைக் கூட்டத்தினின்று பிரித்து நோக்கிய பின்னரே திறந்தது.