கித்துளின் பெயரும் சீவுபவர் வருவாயும்



கண்டியில் பொருளியல் பேசினால் தேயிலையைத் தாண்டிப் போக முடியாது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 'சிலோன் டீ' உலகப் புகழ் பெற்றது. ஆனால் கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளம் 1000 ரூபாயைத் தொட 2021 ஆக வேண்டியிருந்தது. பெயருக்குக் கிடைத்த விலை தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக்கு வந்து சேரவில்லை.

மலைநாட்டு ஏழைகள் தம் ஊருக்கே உரிய பொருளை விற்று முன்னேறலாம் என்று இன்று பலரும் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். அந்தப் பொருளின் பெயர் யார் கையில் இருக்கும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கித்துள் என்னும் பனை இன மரத்தை எடுத்துக்கொள்வோம். நக்கிள்ஸ் மலைச் சரிவிலுள்ள ஊர்களில் சீவுபவர் காலையும் மாலையும் மரமேறுகிறார். பாளையின் நுனியை மெல்லிதாகச் சீவி முட்டியைக் கட்டுகிறார். வடியும் சாறு சில மணி நேரத்தில் புளித்துவிடும். அதனால் முட்டிக்குள் ஹல் மரப்பட்டை போடுவதுண்டு. இறக்கியதை அன்றே காய்ச்ச வேண்டும். பல லீட்டர் சாறு வற்றித்தான் ஒரு போத்தல் பாணி. இன்னும் இறுகக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. விறகும் வீட்டுப் பெண்களின் உழைப்பும் இவற்றின் விலைக் கணக்கில் ஏறுவதே இல்லை.

கடைத்தெருவில் சீனிப்பாகு கலந்த போத்தலும் அதே நிறத்தில் நிற்கிறது. வாங்குபவருக்கு வேறுபாடு தெரியாது. எனவே அசலுக்கும் போலியின் விலையையே கொடுக்கிறார். தரம் தெரியாத சந்தையில் நல்ல சரக்கு ஒதுங்கிவிடும் என்று பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லொஃப் 1970இல் எழுதினார். 2001இல் நோபல் பரிசு பெற்றார். நம் ஊர்ச் சீவுபவர் அதைப் படிக்கவில்லை. மகனை மரமேற விடாமல் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்.

பெயரைக் காக்க வழிகள் உண்டு. இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு வழங்கியது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் அதைப் பெற்றது. தும்பறைப் பாய் நெசவை யுனெஸ்கோ 2021இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் சான்றிதழ் மட்டும் அடுப்பெரிக்காது. முத்திரை சீவுபவர் சங்கத்திடமே இருக்க வேண்டும். கலப்படத்தைச் சோதிக்கும் வசதி ஊருக்கு எட்டும் தூரத்தில் வேண்டும். போத்தலில் அடைக்கும் வேலையும் அங்கேயே நடக்க வேண்டும். இலாபத்தில் பெரும்பங்கு அந்தக் கட்டத்தில்தான் கைமாறுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் தோட்டத் தமிழரில் பெரும்பாலோருக்கு மரம் நடச் சொந்த நிலமில்லை. கண்டிக் கிராமத்தவருக்கு வீட்டுத்தோட்டமாவது உண்டு. லயத்து வாசலில் கித்துளும் மிளகும் எங்கே வளரும்? காணியுரிமை இல்லாதவரிடம் சிறப்புப் பொருள் பற்றிப் பேசுவது வீண்பேச்சு.

ஆகவே மாணவர்களே, நாளை நீங்கள் அதிகாரிகளாகி ஒரு குறியீட்டு விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வந்தால், விண்ணப்பதாரர் யார் என்பதை முதலில் பாருங்கள். அது ஏற்றுமதி நிறுவனத்தின் பெயர் மட்டுமாக இருந்தால், சீவுபவர் சங்கத்தையும் சேர்த்து எழுதி வரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.